குத்துமதிப்பு

நூறு வேர்க்கடலை.
மராதியில் எண்ணிப் பையில் போட்டேன்,
பேருந்தில் ஒருமுறை எண்ணினேன்,
இப்போது பாயின் நடுவில் கொட்டுகிறேன்.
ஒன்று குறைந்தாலும்
அலுவலகத்தில் இனூசா புருவத்தை உயர்த்துவார்.

போன நோன்பிலிருந்து இந்த நோன்புவரை
உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பட்ட நோயெல்லாம்
இந்த நூறுதான் என்றேன்.
பங்கிட்டு வையுங்கள்.

மண்ணில் ஐந்து வட்டம்.
வயிற்றுப்போக்குக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று,
நெஞ்சு இரைப்புக்கு,
கழுத்து விறைத்துப் போவதற்கு,
கடைசியாக பாக்கோன் தௌரோவுக்கு.
எங்கள் ஹவுசாவில் தட்டம்மைக்கு
கம்பின் விருந்தாளி என்று பெயர்.
வா என்று யாரும் அழைத்ததில்லை,
வாசலில் நின்றவனைப் போ என்று சொல்லவும்
யாருக்கும் வாய் வந்ததில்லை.

தெலு இரண்டு கையாலும் அள்ளிக்
காய்ச்சலில் கொட்டினாள்.
"மழை பெய்தால் காய்ச்சல் வரும்.
இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?"
அசபே அதிலிருந்து பத்தை நகர்த்தினாள்.
தெலு எட்டைத் திரும்ப இழுத்தாள்.
ஒருத்தி சிரிக்க, இன்னொருத்தி கோபிக்க,
தஸல்லாவின் இடுப்பிலிருந்து நழுவிய பிள்ளை
தவழ்ந்து வந்து
வயிற்றுப்போக்கில் இரண்டைத் தின்றுவிட்டது.

தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன்.
அடிக்குறிப்பில் காரணமும் எழுதினேன்.
"பெயர்?" என்றேன்.
"அஜூஜி."

பிறகு வீட்டுக்கு வீடு கேட்கும் கணக்கு.
தஸல்லா, உன் வீட்டுக்கு
விருந்தாளி வந்தானா?
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
பாயின் ஓரத்தில் ஒரு கோரையைப் பிரித்தாள்,
அடுத்ததைப் பிரித்தாள்.
இல்லை.
இல்லை என்று எழுதினேன்.
இரண்டு வரி மேலே
அஜூஜி என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.
அஜூஜி என்றால் குப்பைமேடு.
முன்னால் பிறந்தது தங்காத வீட்டில்
சாவு ஏமாந்து போகட்டும் என்று
வைக்கிற பெயர்.

எனக்குத் தெரியாததா?
என் தாய் என் அண்ணனைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.
தலைப்பிள்ளையின் பெயர்
பெற்றவள் நாவில் ஏறக் கூடாது;
கூச்சம் என்போம், மரியாதை என்போம்.
முற்றத்தில் ஓடுகிற பிள்ளைக்கே அப்படி.

படிவத்தின் பின்பக்கத்தில்
இதற்காகவே ஒரு கேள்வி இருக்கிறது:
உனக்குத் தெரிந்த வீடுகளில்?

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று
தஸல்லா எழுந்து போனாள்.
குடத்தில் தண்ணீர் இருந்தது.

தெலு சொன்னாள்: இவள் வீட்டில், மூத்தது.
அசபே சொன்னாள்: கிணற்றுக்கு மேற்கே ஒரு பையன்.
தாபாவா சொன்னாள்: அந்தச் சிவப்புச் சட்டைக்காரன்,
ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுத் திரிவானே.

ஒரு பிள்ளை,
என் காகிதத்தில் மூன்று பிள்ளை.

இனூசா இதற்கு வழி வைத்திருக்கிறார்.
யார் யாருக்கு எத்தனை வீடு தெரியும் என்று கேட்டு
அதை வைத்து வகுப்பார்.
மூன்று பழையபடி ஒன்றாகும்.
சில நாள் ஒன்றேகால்.
சில நாள் முக்கால்.
முக்கால் பிள்ளை என்றால் என்ன என்று
ஒருமுறை கேட்டேன்.
மருந்தகப் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.
இந்த ஊருக்கு நேரே, பன்னிரண்டு மாதமும்,
சுழியம்.
பேரேடு பொய் சொல்லவில்லை.
பதினேழு கிலோமீட்டர் மணலில்
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
யாரும் அதனிடம் போகவில்லை, அவ்வளவுதான்.
"சுழியத்துக்கு முக்கால் மேல்," என்றார்.
அவர் குரலில் பெருமை இல்லை.

தஸல்லா சுரைக்குடுவையில் தண்ணீர் நீட்டினாள்.
எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.
குடித்தேன். குளிர்ந்திருந்தது.
அவளே குனிந்து
வட்டம் வட்டமாகக் கடலையைப் பொறுக்கி
என் பையில் போட்டாள்.
கடைசி வட்டத்தில் கொஞ்சம் நேரமானது.

பேருந்தில் எண்ணினேன்.
தொண்ணூற்றேழு.
தெஸவா தாண்டி மறுபடி எண்ணினேன்.
தொண்ணூற்றேழுதான்.

காரணம் என்ற இடம்
இன்னும் காலியாக இருக்கிறது.